பழைய பேலரைப் பிரித்து மாட்டும்போது: தேய்ந்த பாகம் எது எங்கே போக வேண்டும்

வைக்கோலைச் சதுரக் கட்டாகக் கட்டும் பழைய பேலர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, சீசனுக்கு முன்னால் தானே பிரித்துப் பார்த்துவிடலாம் என்று உட்காருபவர்களுக்காக எழுதுகிறேன். திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம், தொண்டிப் பக்கம் புழுதியில் விதைத்த நெல் தை, மாசியில் அறுவடைக்கு வரும். அறுத்த கையோடு வைக்கோல் கட்ட ஆள் தேடுவார்கள், அந்த நேரத்தில் நம் மெஷின் வயலில் நின்றுவிட்டால் வேறொருவர் வந்து கட்டிவிட்டுப் போய்விடுவார். அதனால் பிரிக்கிற வேலையை ஆடி, ஆவணியிலேயே ஆரம்பியுங்கள், மார்கழி வரை இழுக்க வேண்டாம்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். புது மெஷினில் பாகங்கள் அளவுக்கு அளவு பொருந்தும். பழைய மெஷினில் அப்படி இல்லை, ஒவ்வொன்றும் தன் ஜோடியோடு சேர்ந்து தேய்ந்திருக்கும். அம்மியும் குழவியும் மாதிரிதான்: பக்கத்து வீட்டுக் குழவியை எடுத்து வந்து நம் அம்மியில் வைத்தால் உட்காராது. இடது பக்கத்து முடிச்சுக் கொக்கியை வலது பக்கம் மாட்டினால், இரண்டுமே நல்ல பாகமாக இருந்தும் முடிச்சு விழாது. ஸ்பேர் கடைக்காரர் புதுசு வாங்கச் சொல்வார், அதையும் வாங்கி மாட்டுவீர்கள், அப்போதும் விழாது. பழைய பேலரில் பாகத்தைச் சரிபார்ப்பதைவிட, அது எதோடு உரசித் தேய்ந்தது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியமான வேலை.

கழற்றும் முன்

டிராக்டரை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டு, டிராக்டரின் சுழற்சியை மெஷினுக்குக் கொண்டுவரும் பி.டி.ஓ. ஷாஃப்டை டிராக்டரிலிருந்தே கழற்றிவிடுங்கள். இதில் சமாதானமே கிடையாது. ஃபிளைவீல் கனமானது, கையால் லேசாகத் தள்ளினாலே வைக்கோலை அழுத்தும் பிளஞ்சர் நகரும், கயிற்றைக் கொண்டுபோகும் ஊசிகள் மேலே வரும். நாட்டருக்குள் (இடது, வலது என இரண்டு இருக்கும் முடிச்சுப் போடும் அமைப்பு) கையை வைத்திருக்கும்போது இன்னொருவர் ஃபிளைவீலைத் தொடக்கூடாது. அதற்கு ஒரு கட்டையை அடைப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கழுவுவது. நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. அந்தத் தண்ணீரில் பிரஷர் வாஷ் அடித்தால் அழுக்கு போகும், உப்பு உள்ளே தங்கும். பேரிங் சீலுக்கு நேராக அடித்தால் உப்புத் தண்ணீர் உள்ளேயே போய்விடும். காய்ந்த தூசியையும் வைக்கோல் துகளையும் காற்றடித்துத் தட்டிவிட்டு, மிச்சமிருக்கும் கிரீஸ் பிசுக்கை டீசலும் பிரஷ்ஷும் வைத்துத் துடைப்பதே போதும். தண்ணீர் விட்டே ஆக வேண்டும் என்றால் குடிக்கிற தண்ணீர் மாதிரி நல்ல தண்ணீர் கொஞ்சமாக, உடனே வெயிலில் காயவிடுங்கள்.

ஆனால் முழுக்கச் சுத்தம் செய்வதற்கு முன்னால் ஒரு முறை டார்ச் அடித்துச் சுற்றிப் பாருங்கள், இது நிறையப் பேர் விட்டுவிடுகிற படி. எங்கே பளபளவென்று உரசின தடம் இருக்கிறது, எங்கே துரு, எங்கே இரும்புத் தூள் கலந்த கருப்புக் கிரீஸ் வழிந்திருக்கிறது, இதெல்லாம் கழுவினால் போய்விடும். கழற்றுவதற்கு முன் போட்டோ எடு என்று எல்லோரும் சொல்வார்கள், எடுங்கள், தப்பில்லை. ஆனால் உங்களுக்கு முன்னால் பிரித்தவர் தப்பாக மாட்டியிருந்தால் போட்டோவும் அந்தத் தப்பைத்தான் காட்டும். தேய்ந்த தடத்துக்கு நேராக எதிர்ப் பக்கம் உரசுகிற பாகம் இருக்கிறதா? தடம் ஓர் இடத்திலும் பாகம் வேறோர் இடத்திலும் இருந்தால், யாரோ நடுவில் மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். போட்டோவா, தேய்ந்த தடமா என்று வந்தால் தடத்தை நம்புங்கள்.

அடையாளம் வைப்பதற்கு மார்க்கர் பேனா உதவாது, டீசலில் கரைந்துவிடும். சென்டர் பஞ்சால் இடது பக்கத்துக்கு ஒரு புள்ளி, வலது பக்கத்துக்கு இரண்டு புள்ளி குத்துங்கள். உரசுகிற முகத்திலோ பேரிங் உட்காரும் இடத்திலோ குத்தக்கூடாது, வெளிப் பக்கமாக. இடது வலது என்பது மெஷினுக்குப் பின்னால் நின்று டிராக்டரைப் பார்த்தபடி சொல்வது, மேனுவலிலும் அப்படித்தான் இருக்கும். ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு), வாஷர் இதையெல்லாம் ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். எந்த ஷாஃப்டிலிருந்து எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில் கட்டுக்கம்பியில் கோர்த்து முறுக்கித் தொங்கவிடுங்கள். அந்த அரை மில்லிமீட்டர் ஷிம் அங்கே சும்மா இருக்கவில்லை.

மூன்று குவியல்

கழற்றியதை மூன்றாகப் பிரியுங்கள். தேய்ந்தாலும் அதே ஜோடியோடு அதே இடத்துக்குப் போக வேண்டியவை, திருப்பிப் போட்டால் இன்னொரு ஆயுள் கிடைப்பவை, தூக்கிப் போட வேண்டியவை.

திருப்பிப் போடுவதில் முதல் ஆள் ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஓடும் பல்சக்கரம். பல்லின் ஒரு பக்கம் மட்டும் கொக்கி மாதிரி வளைந்து தேய்ந்திருக்கும், மறுபக்கம் நன்றாக இருக்கும். இரண்டு பக்கமும் ஹப் (ஷாஃப்டில் உட்காரும் நடுப் பகுதி) ஒரே அளவாக இருந்தால் கழற்றித் திருப்பிப் போடலாம். ஹப் ஒரு பக்கம் நீளம் என்றால் திருப்பினதும் செயின் கோடு விலகிவிடும், அப்போது வேண்டாம். பிளஞ்சர் கத்தியிலும் சில மாடல்களில் இரண்டு முனையும் கூராக இருக்கும், அதைப் புரட்டிப் போடலாம்.

செயினைப் பொறுத்தவரை அளந்து பார்த்தே முடிவு செய்யுங்கள், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு இஞ்ச் பிட்ச் (கண்ணிக்குக் கண்ணி தூரம்) செயினில் பத்து கண்ணி இழுத்துப் பிடித்தால் 254 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அது 261, 262 வந்துவிட்டால் நூற்றுக்கு மூன்று நீண்டுவிட்டது, மாற்ற வேண்டியதுதான். இங்கேதான் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: புதுச் செயினைப் பழைய கொக்கிப் பல்லில் போடுவது. புதுச் செயினின் பிட்ச் சரியாக இருக்கும், பல்லின் பிட்ச் தேய்ந்து மாறியிருக்கும், அந்தச் செயின் ஒரு சீசன் தாங்காது. செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள், அல்லது இரண்டும் ஒன்றாகத் தேய்ந்து இன்னும் வரம்புக்குள் இருந்தால் இரண்டையும் அப்படியே விடுங்கள். செயின் இணைப்புக் கிளிப்பின் மூடின முனை செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும், திறந்த வாய் பின்னால். செயினின் உள் தகட்டில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாக இருந்தால் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் நேர்கோட்டில் இல்லை. ஒரு நூலைப் பிடித்தாலே தெரிந்துவிடும்.

பேரிங்கில் பெரிய பிரச்சினை பேரிங் இல்லை, ஷாஃப்ட். உள் வளையம் ஷாஃப்டின் மேல் நழுவிச் சுற்றிச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அதில் புது பேரிங்கைப் போட்டால் அதுவும் ஆடும். சிலர் சென்டர் பஞ்சால் ஷாஃப்டைச் சுற்றி முள்ளு முள்ளாகக் குத்திவிட்டு அதன் மேல் பேரிங்கை அடித்து ஏற்றுவார்கள், அன்றைக்கு இறுக்கமாகத் தெரியும், நாலு நாள் ஓடினால் அந்த முள் அமுங்கிவிடும். லேத் பட்டறையில் கொடுத்து வெல்டிங் ஏற்றிக் கடைந்து வாங்குங்கள், இல்லை புது ஷாஃப்டே கடைந்துவிடலாம். ராமநாதபுரம், பாம்பன், மண்டபம் பக்கம் போட் எஞ்சின் வேலை பார்க்கும் பட்டறைக்காரர்களுக்கு உப்பில் தின்ற ஷாஃப்டைக் கையாள்வது பழகின வேலை. பேரிங்கின் பூட்டு வளையம் எக்சென்ட்ரிக் (மையம் விலகிய) வகை என்றால், ஷாஃப்ட் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே தட்டிப் பூட்ட வேண்டும். எதிர்ப் பக்கம் பூட்டினால் ஓட ஓடக் கழன்றுவிடும்.

வயலிலிருந்து வைக்கோலை அள்ளும் பிக்கப் விரல்கள், வைக்கோல் பின்னால் வராமல் பிடிக்கும் ஸ்பிரிங் நாக்குகள், இதெல்லாம் வளைந்தால் நிமிர்த்து, உடைந்தால் மாற்று, அவ்வளவுதான். சீமைக்கருவேலங் குச்சி கிடக்கிற வயல்களில் இவை அடிக்கடி போகும், கையில் இரண்டு மூன்று ஸ்பேர் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் வரிசை: பிளஞ்சரிலிருந்து வெளியே

புதியவர்கள் பெரும்பாலும் முடிச்சு விழவில்லை என்று நேரே நாட்டரில் போய்த் திருகுவார்கள். நாட்டர் கடைசி. அது ஊசியை நம்பி இருக்கிறது, ஊசி பிளஞ்சரை நம்பி இருக்கிறது, பிளஞ்சர் தன் தண்டவாளத்தை நம்பி இருக்கிறது. கீழே ஒன்று தளர்ந்திருக்க மேலே எவ்வளவு திருகினாலும் நாளைக்கு மறுபடி திருக வேண்டும்.

முதலில் பிளஞ்சர் ஓடும் தண்டவாளம். உருளை பேரிங்கோ, மரக்கட்டையோ, தேய்மானத் தகடோ, உங்கள் மாடலில் எது இருந்தாலும் பிளஞ்சர் பக்கவாட்டில் ஆடக்கூடாது, அதே நேரம் இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. கடைசி வரை தள்ளியும் இழுத்தும் பாருங்கள், நடுவில் மட்டும் தளர்வாக இருந்தால் தண்டவாளமே நடுவில் தேய்ந்திருக்கிறது. தளர்வான இடத்தைப் பார்த்து இறுக்கினால் ஓரத்தில் சிக்கும், அதனால் தகட்டை மாற்றுவதுதான் வழி.

அது முடிந்த பிறகுதான் கத்தி. பிளஞ்சரில் ஒன்று, வைக்கோல் கட்டாகும் சேம்பரில் அசையாத ஒன்று. இரண்டுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், சரியான அளவை உங்கள் மாடலின் மேனுவலில் பார்த்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) விட்டு வையுங்கள். மேலே, நடுவில், கீழே மூன்று இடத்திலும் அளக்க வேண்டும். இடைவெளி கூடினால் வைக்கோல் வெட்டாமல் மடங்கி இழுபடும், கட்டின் ஒரு பக்கம் தாடி மாதிரி தொங்கும், டிராக்டரும் திணறும். கத்தியை மாற்றி மாற்றி வைத்தும் அது போகவில்லை என்றால் முதல் படிக்குத் திரும்புங்கள், ஆடுவது பிளஞ்சர்.

ஃபிளைவீல் ஷியர் போல்டைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். பிளஞ்சர் நிமிடத்துக்கு எண்பது தொண்ணூறு முறை முன்னும் பின்னும் அடிக்கிற மெஷின் இது. உள்ளே கல்லோ கட்டையோ சிக்கினால் அந்தப் போல்ட் முதலில் அறுந்து மற்றதைக் காப்பாற்ற வேண்டும். பழைய மெஷினில் போல்ட் ஓட்டை முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும், அதனால் போல்ட் உள்ளே அடிபட்டு அடிபட்டுக் காரணமே இல்லாமல் அறுந்துகொண்டிருக்கும். உடனே ஒருவர் ஹைடென்சைல் போல்டைப் போடுவார், அடுத்த முறை சிக்கும்போது கியர் பாக்ஸ் போகும். நம் கடற்கரையில் இன்னொரு ஆசையும் உண்டு, துருப்பிடிக்காது என்று படகுக்குப் போடுகிற ஸ்டெயின்லெஸ் போல்டை இங்கே போடுவது. அது டக்கென்று அறாது, இழுபட்டு மடங்கி ஓட்டையிலேயே சிக்கிக்கொள்ளும். மேனுவல் சொன்ன தரத்தில் சொன்ன நீளத்தில் மட்டுமே போடுங்கள், ஓட்டை தேய்ந்திருந்தால் பெரிதாக்கி உள்ளே புஷ் (உலோக வளையம்) அடித்துப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

பக்கத்திலேயே இருக்கும், சுமை கூடினால் வழுக்கிக்கொடுக்கும் ஸ்லிப் கிளட்ச்சையும் பாருங்கள். ஆறேழு மாதம் உப்புக் காற்றில் நின்ற மெஷினில் கிளட்ச் தகடுகள் துருவேறி ஒட்டிப்போயிருக்கும். வழுக்க வேண்டிய இடம் வழுக்காது. ஸ்பிரிங் நட்டுகளின் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு தளர்த்தி, கொஞ்சம் வழுக்கவிட்டுத் துருவை உதிர்த்து, மறுபடி அதே நீளத்துக்கு இறுக்குங்கள். இங்கே எண்ணெய் வேண்டாம். நாட்டர் பிரேக்கிலும் வேண்டாம், ஊசிகளைக் கீழே அதன் இடத்தில் பிடித்து வைப்பதே அந்த பிரேக்தான்.

பி.டி.ஓ. ஷாஃப்டைச் சேர்க்கும்போது, இரண்டு துண்டின் உள் பக்கத்து யோக்குகள் (கவை போன்ற இணைப்பு முனைகள்) இரண்டும் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சதுரக் குழாய் வகை ஷாஃப்டைக் கால் வட்டம் தள்ளிச் செருகினாலும் போய்விடும், ஆனால் ஓடும்போது முழு மெஷினும் நடுங்கும்.

ஊசி

ஊசிகள் கீழிருந்து கயிற்றை எடுத்துக்கொண்டு, பிளஞ்சர் முகத்தில் உள்ள வெட்டுப் பள்ளத்துக்குள் நுழைந்து மேலே நாட்டருக்குப் போகின்றன. அதாவது ஊசி நுனி சேம்பர் தரையைத் தாண்டும்போது பிளஞ்சர் வைக்கோலை அழுத்திக்கொண்டு அந்த இடத்தை மூடியிருக்க வேண்டும். டைமிங் செயின் ஒரு பல் தள்ளி விழுந்தால் பிளஞ்சர் ஊசியின் மேலேயே அடிக்கும். அதனால் செயினை மாட்டியதும், முடிச்சுப் போடுவதைத் தொடங்கிவைக்கும் நாட்டரின் டிரிப் கம்பியைக் கையால் தட்டிவிட்டு, ஃபிளைவீலை அது ஓடும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், ஒருவர் சுற்ற, ஒருவர் டார்ச் பிடித்து ஊசி நுனியைப் பார்க்க. எவ்வளவு மூடியிருக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் வேறு, மேனுவல் அளவை வைத்துச் சரிசெய்யுங்கள். எங்காவது தட்டினால் பலம் கொடுத்துச் சுற்றாதீர்கள்.

ஊசி சிக்கினால் பிளஞ்சரைத் தடுக்க ஒரு பாதுகாப்பு நிறுத்தி இருக்கும், சேம்பருக்குள் வந்து நின்று ஃபிளைவீல் போல்டை அறுக்க வைப்பது. பழைய மெஷின்களில் அது துருப்பிடித்து அசையாமல் இருக்கும், அல்லது முன்னால் இருந்தவர் கம்பி போட்டுக் கட்டியிருப்பார். அவிழ்த்து, எண்ணெய் விட்டு, ஸ்பிரிங் இழுக்கிறதா என்று பாருங்கள். ஊசிக்கண்ணில் கயிறு ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருந்தால் கயிறு அங்கேயே நைந்துவிடும். லேசாக இருந்தால் எமரி போட்டு வழவழப்பாக்குங்கள், ஆழமாக இருந்தால் மாற்றுவது நல்லது.

நாட்டர்

பார்க்கத்தான் பயமாக இருக்கும். இந்த அடிப்படை அமைப்பு 1870களில் அமெரிக்காவில் ஜான் ஆப்பிள்பி கதிர்க்கட்டு மெஷினுக்காகச் செய்ததிலிருந்து வளர்ந்தது, இன்றும் பெரிதாக மாறவில்லை. வேலை இதுதான்: கயிற்றின் பழைய முனையை ஒரு வட்டு பிடித்துக்கொண்டிருக்கும், ஊசி புது முனையைக் கொண்டுவந்து அதே வட்டில் வைக்கும், பில்ஹுக் என்று சொல்லும் கொக்கி ஒரு சுற்றுச் சுற்றி இரண்டு கயிற்றையும் தன் மேல் வளைத்து வாயைத் திறந்து கவ்வும், கத்தி வெட்டும், கத்திக் கையே கொக்கியைத் துடைத்துக்கொண்டு போய் வளையத்தைத் தள்ளிவிடும், முடிச்சு இறுகும்.

இரண்டு நாட்டரையும் ஒரே நாளில் பிரிக்காதீர்கள். ஒன்று முழுமையாக இருக்கட்டும், அதைப் பார்த்து மற்றதை மாட்டலாம். வைத்திருக்கும் போட்டோக்களைவிட இது உதவும்.

கொக்கியைப் பிடிக்கும் சின்னப் பல்சக்கரத்தில் ஒரு ஸ்பிரிங் பின் இருக்கும். அது தேய்ந்தோ அறுந்தோ போனால் ஆணியை அடித்து மடக்கிவிடும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. ஆணி மென்மையானது, கொஞ்சம் ஆட்டம் கொடுக்கும், அந்த ஆட்டம் கொக்கி நுனியில் பல மடங்காகத் தெரியும். சரியான அளவு பின்னையே போடுங்கள். பெரிய கியரின் மேல் அந்தப் பல்சக்கரத்தின் தட்டையான பக்கம் வழுக்கிக்கொண்டிருக்கும் இடத்தில் ஆட்டம் இருந்தால் ஷிம் வைத்துக் குறைக்கலாம், கியர் முகமே குழிந்திருந்தால் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

கத்திக் கை கொக்கியின் முதுகை லேசாக உரசிக்கொண்டே போக வேண்டும். தேய்ந்த கையில் இடைவெளி விழுந்து முடிச்சு கொக்கியிலேயே தொங்கும். இந்தக் கையை வளைத்துச் சரிசெய்வது முறையான வேலைதான், மேனுவல்களிலேயே இருக்கிறது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு முறையும் கையால் சுற்றிப் பார்த்து. உரசும் தடம் முழு நீளத்துக்கும் விழ வேண்டும், ஒரு ஓரத்தில் மட்டும் விழுந்தால் கை முறுகியிருக்கிறது.

கயிறு பிடிக்கும் வட்டின் வெட்டு, ஊசி கயிற்றை வைக்கும் இடத்துக்கு நேராக நிற்க வேண்டும். வட்டைச் சுற்றும் கியரைக் கழற்றி மாட்டினால் இது கட்டாயம் மாறிவிடும், அதனால் கழற்றும் முன்னே நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு ஊசியை மேலே கொண்டுவந்து கயிறு வெட்டுக்குள் விழுகிறதா என்று கண்ணால் பார்க்காமல் போல்டை இறுக்க வேண்டாம்.

புதுக் கொக்கியும் வட்டும் வாங்கினால் அதன் மேல் பெயின்ட் இருக்கும். கயிறு படும் இடத்தில் அதை முழுக்க எடுத்துவிடுங்கள். பழையதில் துரு இருந்தால் அதே கதை, நைஸ் எமரி வைத்து வழவழப்பாக்க வேண்டும். கடலோரத்தில் நிற்கும் மெஷினுக்கு இதை ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் செய்ய வேண்டியிருக்கும். சீசன் முடிந்ததும் கொக்கி, வட்டு, சேம்பரின் உள் பக்கம் எல்லாவற்றிலும் கிரீஸ் தடவி வைத்திருந்தால் வேலை பாதி.

ஸ்பிரிங்குகளை மட்டும் ஒரே நேரத்தில் இரண்டைத் திருகாதீர்கள். கொக்கியின் வாயை மூடிப் பிடிக்கும் நாக்கின் ஸ்பிரிங் அதிகம் இறுகினால் முடிச்சு கொக்கியை விட்டு வராமல் அறும், தளர்ந்தால் முனைகள் நழுவி முடிச்சே விழாது. வட்டின் பிடி அதிகம் இறுகினால் கயிற்றை நறுக்கிவிடும், தளர்ந்தால் கயிறு உருவிக்கொண்டு வந்துவிடும். ஒன்றைக் கால் சுற்று திருப்பு, ஒரு முடிச்சுப் போட்டுப் பார், அப்புறம் அடுத்தது. சணல் கயிற்றுக்குச் சரிசெய்த இறுக்கம் பிளாஸ்டிக் கயிற்றுக்குச் சரிவராது, எந்தக் கயிற்றில் ஓட்டப் போகிறீர்களோ அதை வைத்தே சரிசெய்யுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

முதலில் கையால் முழுச் சுற்று, டிரிப் தட்டாமல் ஒரு முறை, தட்டி இரண்டு மூன்று முறை. பிறகு டிராக்டரை மாட்டி, வைக்கோல் இல்லாமல் குறைந்த வேகத்தில் சத்தம் கேளுங்கள். ஒரே தாளத்தில் அடித்தால் சரி, நடுவில் டக் என்று கூடுதலாக ஒரு சத்தம் வந்தால் நிறுத்திவிட்டுத் தேடுங்கள். அதன் பிறகு மெல்லக் கூட்டி பி.டி.ஓ.வை நிமிடத்துக்கு 540 சுற்றுக்குக் கொண்டுவாருங்கள்.

வயலில் முதல் கட்டுகளுக்கு அழுத்தத்தைக் குறைத்து வையுங்கள், இறுக்கமான கட்டில் சின்னத் தப்பும் கயிறு அறுப்பாக வரும். காய்ந்த வைக்கோலில் ஆரம்பியுங்கள், காலைப் பனி இறங்கின வைக்கோலில் சோதனை பார்த்தால் எது மெஷின் தப்பு எது ஈரத்தின் தப்பு என்று பிரிக்க முடியாது. முடிச்சு விழாத கட்டைத் தூக்கி எறியாமல் கயிற்று முனையைப் பாருங்கள்: நறுக்கென்று வெட்டுப்பட்டிருக்கிறதா, நைந்திருக்கிறதா, ஒரு முனையில் மட்டும் முடிச்சு நிற்கிறதா. நைந்திருந்தால் முதலில் கத்தியைத் தீட்டுங்கள். ஒரு முனையில் மட்டும் நிற்கிறது என்றால் வட்டின் பிடியையும் ஊசி கயிற்றைக் கொண்டுவந்து வைக்கும் இடத்தையும் பாருங்கள். இரண்டு முனையும் நீளமாக, முடிச்சுத் தடமே இல்லாமல் இருந்தால் கொக்கி நாக்கு.

கொஞ்சக் கட்டுகள் போனதும் டிராக்டரை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, கழற்றி மாட்டிய ஒவ்வொரு போல்டையும் மறுபடி ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். புதுச் செயின் கொஞ்சம் இளகியிருக்கும், புஷ் அடித்த இடமும் பேரிங்குகளும் கை வைத்தால் எவ்வளவு சுடுகிறது என்று பாருங்கள். கை வைக்க முடியாமல் சுடும் பேரிங்கைக் கிரீஸ் அடித்துச் சமாளிக்கலாம் என்று அன்றைக்கு ஓட்ட வேண்டாம், பூட்டு வளையத்தைத் தளர்த்தி ஷாஃப்ட் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி பூட்டுங்கள்.